தாய்க்குலத்தின் மருத்துவர்

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரியாற்றுக்கும் இடையே பரந்து கிடப்பது சேலம் நாமக்கல் சமவெளி. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு இச்சமவெளியின் ஊடே ஓடிக் காவிரியிற் கலக்கின்றது. சோளமும் நிலக்கடலையும் மரவள்ளியும் இம்மண்ணில் விளைகின்றன. தறியின் ஓசை பல ஊர்களில் இடையறாது கேட்கின்றது. உழைப்பிற்கு அஞ்சாத மக்கள் வாழும் நாடு இது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்நாட்டிலும், தமிழகத்தின் பிற பகுதிகளிலும், பாவாடை உடுத்துப் பாண்டி ஆடும் பருவத்துச் சிறுமியர் பலர் மணப்பெண்களாயினர். பூப்பெய்திய சில திங்களில் அவர்கள் கணவன் இல்லம் புகுந்தனர். 14, 15 வயதில் தாயாயினர். சிலர் தாயாகும் பொழுதே உயிர் துறந்தனர்.

அக்காலப் பெற்றோர் தம் பெண் மக்களிடத்து அன்பில்லாதவர் அல்லர். மழை பொய்த்த ஆண்டில் வீட்டில் உண்பவர் ஒருவர் குறைந்தால் ஏனையோர் பசி சிறிது தணியும் என்று வறியவர் எண்ணினர். பருவம் அடைந்த மகளை மணமின்றி வைத்திருந்தால் ஊர் பழிக்கும் என்று அஞ்சினர். நிலமும் நகையும் உறவைவிட்டுப் போகாதிருக்கத் தாய்மாமனுக்கோ அத்தை மகனுக்கோ விரைந்து மணம் முடிப்பது வழக்கமாயிருந்தது. பெண்ணுக்குப் பள்ளி அருகில் இல்லை; இருப்பினும், பருவம் அடைந்தபின் அவளை அங்கு அனுப்புவோர் மிகச் சிலரே. இங்ஙனம் வறுமை, அச்சம், வழக்கம், கல்லாமை ஆகிய நான்கும் ஒன்றுகூடி அச்சிறுமியை மணப்பந்தலில் அமர்த்தின. இந்நான்கையும் ஒருங்கே எதிர்த்துப் போராடிய மருத்துவர் ஒருவர் தமிழகத்தில் தோன்றினார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

இளந்தாயின் இடர்

அம்மையாரின் தொண்டினை அறிதற்கு முன், அவர் போக்க முயன்ற துன்பம் எத்தகையது என அறிதல் வேண்டும். சிறுமியின் இடுப்பெலும்பு அவள் உயரம் வளர்ந்த பின்னரும் சில ஆண்டுகள் வளர்ந்துகொண்டேயிருக்கும். அவ்வளர்ச்சி நிரம்புவதற்குள் கருவுற்றால், குழந்தை வெளிவரும் வழி குறுகியிருக்கும். பேற்றுவலி ஒரு பகலும் இரவும் கடந்தும் நீளும். தாயின் வளரும் உடலுக்கே போதாத சத்தினைக் கருவிலுள்ள சேயும் பங்கிட்டுக்கொள்ளும். அதனால் தாய் சோகையுற்று வெளுப்பாள். குருதி அழுத்தம் மிகுந்து வலிப்பு உண்டாதலும் இளந்தாயரிடத்து மிகுதி. பிறக்கும் சேயும் எடை குறைந்து, நோய்க்கு எளிதில் இரையாகும்.

இத்தகைய வேளையில் துணைக்கு வருபவள் ஊர் மருத்துவச்சி. அவள் இரக்கமுடையவள், பல பேறுகளைக் கண்டவள். எனினும், கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளைப் பற்றி அவள் அறியாள். கழுவாத கையும் தூய்மையற்ற கத்தியும் தாய்க்குக் காய்ச்சலையும் சேய்க்கு இழுப்பு நோயையும் தந்தன. மருத்துவர் கையைத் தூய்மை செய்தால் பேறுகாலக் காய்ச்சல் குறையும் என்பதை ஐரோப்பாவில் வியன்னா நகரத்து மருத்துவர் செம்மல்வைசு 1847ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். அவ்வுண்மை நம் சிற்றூர்களை வந்தடையப் பல்லாண்டுகள் ஆயின.

சென்னை எழும்பூரில் 1844ஆம் ஆண்டு முதலே மகப்பேற்று மருத்துவமனை இருந்தது. ஆண் மருத்துவரிடம் செல்ல மகளிர் நாணியமையால், அவர்கள் பொருட்டுத் திருவல்லிக்கேணியில் 1885ஆம் ஆண்டில் மற்றொரு மருத்துவமனை ஏற்பட்டது. ஆயின், திருச்செங்கோட்டையோ இராசிபுரத்தையோ அடுத்த ஒரு சிற்றூரில் வலியால் துடிக்கும் பெண்ணுக்கு இவற்றால் என்ன பயன்? மாட்டுவண்டியில் ஏற்றினாலும் பெண் மருத்துவர் இருக்கும் இடத்தை அவள் அடைய இயலாது. மருத்துவம் வளர்ந்திருந்தும் அது வேண்டியவர்க்கு எட்டாமலிருந்தது.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அந்நகரத்து மகாராசர் கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் தோன்றியவர். அம்மரபின் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதும், அதனால் அவர்கள் இல்லற வாழ்வை இழந்து இழிவுக்கு ஆளாவதும் அந்நாளைய வழக்கம். அத்துன்பத்தை அம்மையார் ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். தம் தாயின் உற்றார் உறவினரிடையே கண்டு அறிந்தவர்.

பருவம் அடைந்ததும் முத்துலட்சுமி பள்ளியினின்றும் நிறுத்தப்பட்டார். தாயார் அவருக்கு ஏற்ற மணமகனைத் தேட விரும்பினார். மகளோ மேலும் கற்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். தந்தையார் மகளின் அறிவை உணர்ந்து வீட்டிலேயே பாடம் கற்பிக்கச் செய்தார். மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றபின், கல்லூரியில் சேர விண்ணப்பித்தபொழுது ஊரில் எதிர்ப்பு எழுந்தது. ஆடவர் பயிலும் கல்லூரியில் ஒரு பெண் அமர்வதைப் பலர் விரும்பவில்லை. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இசைவு தந்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குச் சென்று, மாணவர்க்கும் தமக்கும் இடையே திரை இட்ட இடத்தில் அமர்ந்து அவர் பாடங் கேட்டார்.

அன்று தாயாரின் விருப்பமே வென்றிருப்பின், முத்துலட்சுமியும் ஆயிரம் இளந்தாயருள் ஒருவராய் மறைந்திருப்பார். ஒரு பெண்ணின் மணத்தைச் சில ஆண்டுகள் தள்ளி வைத்ததனால் நாடு ஒரு மருத்துவரைப் பெற்றது.

மருத்துவப் பணி

1907ஆம் ஆண்டில் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கண்பார்வைக் குறைவும் மூச்சுத் தொல்லையும் அவரை வருத்தின. அவற்றையும் தாங்கிக்கொண்டு பயின்று, 1912ஆம் ஆண்டில் பல பரிசுகளுடன் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணிகளுள் அவரும் ஒருவர். பின்னர், எழும்பூர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் உள்ளக மருத்துவராகப் பணியேற்றார். அப்பதவியில் அமர்ந்த முதற்பெண்மணி அவரே.

1914ஆம் ஆண்டில், ஏறத்தாழ 28 வயதில், மருத்துவர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மை ஒத்த உரிமையுடையவராக மதித்தல் வேண்டும், தம் தொண்டிற்குத் தடை சொல்லுதல் கூடாது என்னும் உடன்பாட்டின்மேல் அத்திருமணம் நிகழ்ந்தது. தம் மணத்தின் காலத்தையும் துணைவரையும் தாமே தேர்ந்துகொண்ட அம்மையார், அவ்வுரிமை சிறிதும் இல்லாத சிறுமியர் பலரைத் தம் நோயாளிகளாகக் கண்டார். பாடநூல் ஏந்த வேண்டிய கைகளில் குழந்தையை ஏந்தி வந்தோரும், முதற்பேற்றிலேயே உடல் நலிந்து வாழ்நாள் முழுதும் நோயாளியானோரும் அவர்களுள் இருந்தனர். மருந்து அவர்களுடைய நோயைத் தணிக்கும். அந்நோய் பிறக்கும் இடத்தை மருந்தால் மாற்ற இயலாது. இவ்வுண்மையே அம்மையாரைச் சமுதாயத் தொண்டிற்கு அழைத்துச் சென்றது.

1925ஆம் ஆண்டில் அரசாங்க உதவி பெற்று அவர் இங்கிலாந்து சென்றார். மகளிர் நோய், குழந்தை நோய் ஆகியவற்றில் மேற்பயிற்சி பெற்றார். 1926ஆம் ஆண்டில் பாரிசு நகரில் கூடிய உலக மகளிர் மாநாட்டிலும் கலந்துகொண்டார். பல நாட்டுப் பெண்டிர் தம் உரிமைக்குப் பாடுபடுதலை அங்கே நேரிற் கண்டார்.

சட்டமன்றத்தில்

தாயகம் திரும்பிய அம்மையாரை இந்திய மாதர் சங்கத்தினர் பொதுப்பணிக்கு அழைத்தனர். 1926ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். அடுத்த ஆண்டில் அம்மன்றத்தின் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பிரிட்டிசு இந்தியாவில் சட்டமன்றம் புகுந்த முதற்பெண்மணி என்னும் சிறப்பு அவருக்கு உரியது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்துச் சுப்பராயன் ஆவார்.

சட்டமன்றத்தில் அம்மையார் ஒரு மருத்துவராகவே பணியாற்றினார். நோயின் வேர் எதுவோ, அதனைத் தேடினார். பள்ளிச் சிறுமியரின் உடல்நலத்தை மருத்துவர் சோதித்தல் வேண்டும், குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும், ஏழைப் பெண்களின் கல்விக்குச் சலுகை வேண்டும் என்று வாதாடினார். 1927ஆம் ஆண்டில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 1928ஆம் ஆண்டில், பெண்ணின் மணவயது 16 ஆகவும் ஆணின் மணவயது 21 ஆகவும் உயர்த்தப்படுதல் வேண்டும் என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்தார்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சாத்திரம் இடந்தராது என்றனர் சிலர். குடும்பத்தினுள் அரசாங்கம் நுழைதல் தகாது என்றனர் வேறு சிலர். அம்மையாரோ மருத்துவமனையில் கண்டவற்றை அவர்கள்முன் எடுத்து வைத்தார். அவர் தனித்து நிற்கவில்லை. சேலம் நகரில் வாழ்ந்த முதுபெருந்தலைவர் விசயராகவாச்சாரியார், வைதிகக் குடியில் பிறந்தவராயினும், பெண்ணுக்குப் பருவம் வந்த பின்னரே மணம் நிகழ வேண்டும் என்றும், தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்றும் நெடுங்காலம் வற்புறுத்தி வந்தவர். பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தினரும் 1929ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணின் மணவயதை உயர்த்த வேண்டும் எனத் தீர்மானித்தனர். கொள்கையால் வேறுபட்டோரும் இச்சிறுமியர் பொருட்டு ஒன்றுபட்டனர்.

இதே காலத்தில் இந்திய அரசாங்கம் மோரோபந்து சோசி என்பவர் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. சென்னை மகளிர் மருத்துவமனையின் தலைமை மருத்துவராக இருந்த பீடன் அம்மையாரும் அதில் ஓர் உறுப்பினர். நாடெங்கும் சென்று மருத்துவரையும் மக்களையும் உசாவிய அக்குழு, இளமைத் தாய்மை பெருங்கேடு என்று முடிவு கூறியது. அர்பிலாசு சாரதா என்பவர் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா 1929ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என மணவயதை வரையறுத்த அச்சட்டம் 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சாரதா சட்டம் என மக்கள் அதனை வழங்கினர்.

சட்டத்தின் எல்லை

சட்டம் வந்தது, ஆயின், சிறுமியரின் துன்பம் உடனே தீரவில்லை. நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்னரே பிள்ளைகளுக்கு மணம் முடித்துவிடப் பல பெற்றோர் விரைந்தனர். அச்சட்டம் செல்லாத பிரெஞ்சுப் பகுதிக்குச் சென்று மணம் முடித்தாரும் உளர். குற்றத்தை யாரேனும் ஒருவர் ஓராண்டுக்குள் வழக்கு மன்றத்தில் முறையிட்டாலன்றித் தண்டனை இல்லை. முறையிடுபவர் 100 ரூபாய் வரையில் பிணையமும் எழுதித்தர வேண்டியிருந்தது. தன் உறவினர்மீது எவர் வழக்கிடுவர்? கூலிவேலை செய்பவர் பிணையத்திற்கு எங்கே செல்வர்? ஆகவே, மலையடிவாரத்து ஊர்களில் பந்தல்கள் முன்போலவே எழுந்தன.

சட்டம் வேலி போன்றது. வேலி பயிரைக் காக்கும். பயிருக்கு நீரும் எருவும் ஆகாது. இதனை அம்மையார் நன்கு அறிந்திருந்தார். மணவயதை உயர்த்தினால் மட்டும் போதாது. அவ்வயது வரையில் பெண் பயிலப் பள்ளி வேண்டும். வறுமை அவளைத் தள்ளாதிருக்கத் தொழில் வேண்டும். துன்புற்றால் தங்க இடம் வேண்டும். நோயுற்றால் நாணாமல் செல்ல மருத்துவமனை வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் மற்றவை பயன்படா.

ஒளவை இல்லம்

1930ஆம் ஆண்டில் காந்தியடிகள் சிறைப்பட்டபொழுது அம்மையார் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே, பொட்டுக்கட்டும் வழக்கத்தினின்று விடுபட விரும்பிய இளம்பெண்கள் சிலர் அவருடைய உதவியை நாடி வந்தனர். அவர்களை ஏற்று வைத்துக்கொள்ள விடுதிகள் முன்வரவில்லை. அம்மையார் தம் இல்லத்திலேயே அவர்களுக்கு இடமளித்தார். அதுவே ஒளவை இல்லமாக வளர்ந்தது. பின்னர்ச் சென்னை அடையாற்றில் நிலைபெற்றது. பிறந்த குலத்தையும் நேர்ந்த இழுக்கையும் உசாவாது, வந்த பெண்ணுக்கு உணவும் கல்வியும் தொழிலும் அளிப்பதே அதன் நெறி. ஆசிரியைகளும் செவிலியரும் அங்கிருந்து வெளிப்போந்தனர். முன்பு பிறரை நம்பி வாழ்ந்த பெண்கள் பிறர்க்கு உதவுவோராயினர்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இதற்கெனத் தமிழகமெங்கும் அலைந்து உழைத்தவர். தாம் தொடங்கிய பணி 20 ஆண்டுகளுக்குப் பின் நிறைவுற்றதை முத்துலட்சுமி அம்மையார் கண்ணாரக் கண்டார்.

அவர்தம் தங்கையார் 1923ஆம் ஆண்டில் புற்றுநோயால் மாண்டார். அத்துயரம் மற்றோர் அறத்திற்கு வித்தாயிற்று. பலர் முடியாது என்று கைவிட்ட முயற்சியை அம்மையார் விடாது தொடர்ந்து, 1954ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். இந்திய அரசாங்கம் 1956ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மபூசண் விருது அளித்தது. 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார்.

விதையும் விளைவும்

அம்மையார் கேட்ட 16 என்னும் மணவயதினையும் கடந்து நாடு வளர்ந்தது. பெண்ணின் மணவயது 1949ஆம் ஆண்டில் 15 ஆகவும், 1978ஆம் ஆண்டில் 18 ஆகவும் உயர்ந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கத் தனி அலுவலரை ஏற்படுத்திற்று. சேலத்தில் 1986ஆம் ஆண்டில் தோன்றிய அரசு மருத்துவக் கல்லூரி, சுப்பராயனின் மைந்தர் மோகன் குமாரமங்கலம் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1997ஆம் ஆண்டில் தனி மாவட்டமான நாமக்கல்லிலும் 2022ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. மாட்டுவண்டியில் எட்ட முடியாதிருந்த மருத்துவம் இன்று ஆரம்ப சுகாதார நிலையமாய் ஊரை அடுத்தே இருக்கின்றது. தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் மருத்துவமனையிலேயே பிறக்கின்றன. ஏழைத் தாயர்க்கு அரசு வழங்கும் மகப்பேற்று உதவித் திட்டம் முத்துலட்சுமி அம்மையாரின் பெயரையே கொண்டது. அவ்வுதவியைப் பெறத் தாய்க்கு 19 வயது நிறைந்திருத்தல் வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்கும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் அளிக்கின்றது.

இருப்பினும் பணி முற்றுப்பெறவில்லை. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 20 முதல் 24 வயதுடைய பெண்களுள் 100 பேருக்கு ஏறத்தாழ 13 பேர் 18 வயது நிறையுமுன் மணம் புரிந்தவர். தறிக்கூடத்திலும் செங்கற்சூளையிலும் உழைக்கும் குடும்பத்தார் ஊர்விட்டு ஊர் செல்கையில் பெண்ணின் படிப்பு நின்றுவிடுகின்றது. படிப்பு நின்றதும் மணப்பேச்சு எழுகின்றது. வயது நிரம்பாத பெண் கருவுற்றால், சட்டத்திற்கும் பழிக்கும் அஞ்சி அவளை மருத்துவமனைக்கு அனுப்பாது மறைப்போரும் உளர். மறைப்பதனால் பழி நீங்குவதில்லை. தாய்க்கும் சேய்க்கும் உயிரிடர் மிகுகின்றது. எவ்வயதினளாயினும் கருவுற்றவளுக்கு முதலில் வேண்டுவது மருத்துவம். அவளை இகழாது ஏற்றல் மருத்துவமனையின் கடமை. அவளைத் தக்க காலத்தில் அங்குச் சேர்த்தல் குடும்பத்தின் கடமை.

தம் பள்ளித்தோழி ஒருத்தி திடீரென வகுப்பிற்கு வாராதொழியின், அதன் காரணத்தை உசாவுதல் மாணவர் கடமை. ஆசிரியரிடம் சொல்லலாம், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணிற்குத் தெரிவிக்கலாம். சட்டத்தையும் மருத்துவமனையையும் முன்னோர் பாடுபட்டுப் பெற்றுத் தந்தனர். அவற்றை வேண்டியவளிடம் கொண்டுசேர்த்தல் பின்வந்தோர் செய்யத்தக்க பணியாகும். அம்மையாரின் பிறந்த நாளாகிய சூலை 30ஆம் நாளை மருத்துவமனை நாள் எனத் தமிழக அரசு 2019ஆம் ஆண்டில் அறிவித்தது. ஒரு சிறுமியேனும் தன் பள்ளிப் படிப்பை முடித்து, உடல் முதிர்ந்து, தான் விரும்பும் காலத்தில் நலமுள்ள தாயாக வாழ வழிசெய்யின், அதுவே அந்நாளுக்குச் செய்யும் சிறப்பாகும்.